புரூட் வாருக்கு ஓர் இருவர் மேப்: கண்ணாடிச் சமச்சீர் போதாத இடங்கள்

ஸ்டார்கிராஃப்ட் என்ற கணினிப் போர் விளையாட்டின் புரூட் வார் விரிவாக்கத்துக்காக இரண்டு பேர் மோதும் மேப் (ஆட்டக்களம்) ஒன்றைச் செய்திருக்கிறேன். அளவு 128-க்கு 128 டைல் (சதுரத் தரைக் கட்டம்). ஒருவர் இடக்கோடியில், 9 மணித் திசையில் தொடங்குவார். மற்றவர் வலக்கோடியில், 3 மணித் திசையில். மேப்பை நடுவில் மடித்தால் இரண்டு பாதியும் ஒன்றன்மேல் ஒன்று அப்படியே உட்காரும்படிதான் முதலில் வரைந்தேன். வேலையில் பாதிக்கு மேல் அதற்குப் பிறகுதான் வந்தது. அந்தச் சமச்சீரைத் தேவையான இடங்களில் வேண்டுமென்றே கலைத்தேன். இந்த விளையாட்டின் என்ஜினுக்கு இடமும் வலமும் ஒன்றல்ல; கண்ணுக்குச் சமமாகத் தெரியும் மேப்பில் ஒரு பக்கத்துக்காரர் ஆட்டம் தொடங்கும்போதே கொஞ்சம் பின்தங்கியிருப்பார். எங்கெங்கே அப்படி ஆகிறது, ஒவ்வொன்றுக்கும் என்ன செய்தேன் என்பதுதான் இந்தப் பதிவு.

மேப் செய்யப் பெரிய செலவு எதுவும் இல்லை. 2017-இல் வந்த 1.18 பேட்ச்சோடு மூல விளையாட்டும் புரூட் வாரும் இலவசமாகிவிட்டன. அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த ரீமாஸ்டர்டு பதிப்பும் பழைய மேப்களை அப்படியே திறக்கிறது. விளையாட்டோடு வரும் ஸ்டார்எடிட் என்ற மேப் எடிட்டர் போதும் என்று தொடங்கலாம். ஆனால் போட்டிக்கான மேப் என்றால் ரசிகர்கள் உருவாக்கிய எஸ்சிஎம்டிராஃப்ட் 2 இல்லாமல் முடியாது. காரணம் கீழே வருகிறது.

1998-இல் வந்த இந்த விரிவாக்கம் பாலைவனம், பனி, அந்தி என்று 3 புதிய நிலவகைகளைக் கொண்டுவந்தது. மூல விளையாட்டில் இருந்த 5-உடன் சேர்த்து மொத்தம் 8. நான் எடுத்தது பாலைவனம். பனி அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் வெள்ளைத் தரையை நெடுநேரம் பார்த்தால் கண் வலிக்கும். பாலைவனத்தில் மேட்டுத் தரையும் தாழ்தரையும் ஒரே பார்வையில் பிரிந்து தெரியும். வேகமாக ஆடும்போது அது மிக முக்கியம்.

ஏன் மேல்-கீழ் மேப்பாகச் செய்யாமல் இட-வல மேப்பாகச் செய்தேன் என்றும் சொல்ல வேண்டும். இந்த விளையாட்டின் நிலம் சாய்வுக் கோணத்தில் பார்ப்பதுபோல் வரையப்பட்டது. மேட்டின் தெற்கு விளிம்பில் பாறைச் சுவர் முழுசாகத் தெரியும். அந்தச் சுவரே சில டைல் உயரத்தை விழுங்கிவிடும். வடக்கு விளிம்பில் சுவர் மறைந்திருப்பதால் அவ்வளவு இடம் போகாது. மேலே ஒரு பேஸ் (ஆட்டக்காரரின் தளம்), கீழே ஒரு பேஸ் என்று கவிழ்த்துப் போட்டால் கட்டிடம் கட்டக் கிடைக்கும் தரையே இருவருக்கும் வேறுபட்டுவிடும். மேட்டிலிருந்து இறங்கும் சரிவான ராம்ப்பிலும் இதே கதை. ஸ்டார்எடிட் தரும் ராம்ப்கள் கீழ்-இடம், கீழ்-வலம் ஆகிய இரண்டு திசையில் மட்டுமே இறங்கும். மேல்நோக்கி இறங்கும் ராம்ப் வேண்டுமென்றால் எஸ்சிஎம்டிராஃப்ட்டில் ஒவ்வொரு டைலாகப் பொறுக்கிக் கையால் அடுக்க வேண்டும். இட-வல மேப்பில் இடது பேஸின் ராம்ப் கீழ்-வலமாகவும் வலது பேஸின் ராம்ப் கீழ்-இடமாகவும் இறங்கும். இரண்டும் எடிட்டரே தருபவை, ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம். பிரதான ராம்ப்களில் கைவேலை இல்லை என்பது பெரிய நிம்மதி.

நடுக் களத்தின் தெற்குப் பக்கம் ஒரு மேடு வைத்திருக்கிறேன். அதற்கு மட்டும் மேல்நோக்கிய ராம்ப் தேவைப்பட்டது, அதைக் கையால் அடுக்கினேன். அப்படி அடுக்குபவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: எடிட்டர் தானே விளிம்புகளைப் பொருத்தி வரையும் சாய்வுத் தூரிகையால் பெரிய நிலத்தை எல்லாம் வரைந்து முடித்த பிறகே கையடுக்கு வேலைக்குப் போக வேண்டும். அடுக்கிய டைலுக்குப் பக்கத்தில் மறுபடி சாய்வுத் தூரிகையை ஓட்டினால் எடிட்டர் தன் விதிப்படி சுற்றுவட்டாரத்தையே மாற்றி வரைந்துவிடும், அடுக்கியதெல்லாம் போய்விடும். ஒரு டைல் என்பது 32-க்கு 32 பிக்சல். அதற்குள் 8 பிக்சல் பக்கமுள்ள 16 சிறு கட்டங்கள் உண்டு. நடக்கலாமா கூடாதா, தாழ்வா நடுவா மேடா என்ற குறிப்பு ஒவ்வொரு சிறு கட்டத்துக்கும் தனித்தனி. படம் ராம்ப் மாதிரி இருந்தால் மட்டும் போதாது. இந்தக் குறிப்புகளும் தொடர்ச்சியாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ராம்ப்பின் நடுவில் டிராகூன் என்ற பெரிய போர் யூனிட் முட்டிக்கொண்டு நிற்கும். டிராகூன் 32-க்கு 32 பிக்சல் உடம்பு. ஒரே ஒரு சிறு கட்டம் அடைபட்டிருந்தாலும் அது சொல்லிக் கொடுத்துவிடும்.

பேஸுக்கு வருவோம். தொழிலாளர் சேர்க்கும் வளங்கள் இரண்டு: 8 மினரல், ஒரு கேஸ் ஊற்று. ஒவ்வொரு மினரலிலும் 1500, ஊற்றில் 5000. இவை வழக்கமான அளவுகள். இவற்றை மாற்றினால் ஆட்டக்காரர்கள் மனப்பாடமாக வைத்திருக்கும் கணக்கெல்லாம் குலைந்துவிடும். மினரல்களை மேப்பின் ஓரத்தையொட்டி வைப்பது இயல்பு: இடது பேஸில் இடப்பக்கம், வலது பேஸில் வலப்பக்கம். முதல் சிக்கல் அங்கேயே வந்தது.

இந்த விளையாட்டில் டெரன், ஸெர்க், ப்ரோட்டாஸ் என்று மூன்று இனங்கள். டெரனின் பிரதானக் கட்டிடமான கமாண்ட் சென்டரோடு இணையும் காம்சாட் என்ற துணைக் கட்டிடம் எப்போதும் வலப்பக்கம் கீழேதான் ஒட்டும், இடப்பக்கம் ஒட்டவே ஒட்டாது. காம்சாட்டின் அகலம் 2 டைல். கமாண்ட் சென்டருக்கும் மினரலுக்கும் இடையே விளையாட்டு கட்டாயமாக வைக்கும் இடைவெளி 3 டைல். ஆக, மினரல் வலப்பக்கம் இருந்தால் எஸ்சிவிகள் (டெரன் தொழிலாளர்) போய்வரும் பாதையின் நட்டநடுவே காம்சாட் உட்கார்ந்துகொள்ளும். இடது பேஸில் இருக்கும் டெரனுக்கு இந்தத் தொல்லையே கிடையாது. ஸெர்க்குக்கும் ப்ரோட்டாஸுக்கும் இரு பக்கமும் தொல்லை இல்லை. வலது பேஸில் விழுந்த டெரன் மட்டும், காம்சாட் கட்டியது முதல் ஆட்டம் முடியும்வரை குறைந்த வருமானத்தோடு ஆட வேண்டியிருக்கும்.

கேஸிலும் இதுபோல் ஒன்று உண்டு. ஊற்று பிரதானக் கட்டிடத்துக்கு மேலேயோ இடப்பக்கமோ இருந்தால் 3 தொழிலாளர் போதும். கீழேயோ வலப்பக்கமோ இருந்தால் அதே 3 பேரால் அந்த வேகத்தை எட்ட முடியாது, 4-வது ஆள் வேண்டும். தொழிலாளர் கட்டிடத்தைச் சுற்றி எடுக்கும் வழி திசைக்குத் திசை மாறுவதுதான் இதற்குக் காரணம். லர்க்கர், டார்க் டெம்ப்ளர் போன்ற யூனிட்களுக்குக் கேஸ் சேர்க்கும் ஆட்டக்காரருக்கு இந்த ஒரு தொழிலாளர் வித்தியாசம் கட்டாயம் தெரியும்.

இரண்டையும் ஒன்றாகத் தீர்த்தேன். கேஸ் ஊற்றை இரண்டு பேஸிலும் பிரதானக் கட்டிடத்துக்கு நேர் மேலே வைத்தேன். வலது பேஸில் அதை இடப்பக்கம் வைத்திருந்தாலும் வேகம் கிடைக்கும்தான், ஆனால் அங்கே இடப்பக்கம் என்பது ராம்ப் இருக்கும் பக்கம். வரும் எதிரியின் வாயில் கேஸ் எடுக்கும் ரிஃபைனரியைக் கொண்டுபோய் வைப்பதற்கு ஒப்பு. பிறகு வலது பேஸின் மினரல் வளைவை மட்டும் மேல்நோக்கித் தூக்கினேன். கமாண்ட் சென்டர் 3 டைல் உயரம்; காம்சாட் ஒட்டுவது அதில் கீழ் 2 வரிசையில். அந்த வரிசைகளுக்கு எதிரே மினரல் எதுவும் நிற்காதபடி, மேல் வலது மூலையைச் சுற்றி வளைவு ஓடுகிறது. இடது பேஸின் வளைவு பழைய இடத்திலேயே இருக்கிறது. சிறு வரைபடத்தில் பார்த்தால் இரண்டு பேஸும் இனி ஒன்றுபோல் இல்லை. இரண்டு பக்கமும் காம்சாட்டோடு ஆடவிட்டு, ஆட்டக் கடிகாரத்தின் ஒரே நேரத்தில் மினரல் எண்ணிக்கையை ஒப்பிட்டேன். முன்பு கண்ணில் பட்ட இடைவெளி காணாமல் போயிருந்தது.

இந்த மேப்பில் என் நேரத்தை அதிகம் தின்றது ராம்ப் தலைப்பில் டெரன் கட்டும் சுவர். எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் அதுதான்.

தொடக்கத்தில் ஸெர்க்கின் சிறு யூனிட்களான ஸெர்க்லிங் கூட்டம் உள்ளே பாயாமல் இருக்க, ராம்ப்பின் மேல்வாயில் பேரக்ஸ், சப்ளை டிப்போ என்ற இரண்டு கட்டிடங்களை ஒட்டிக் கட்டி அடைப்பார்கள். வெளியே போக வேண்டியபோது பேரக்ஸைப் பறக்கவிட்டு வழி திறந்துகொள்ளலாம். கட்டிடங்கள் டைல் கணக்கில் ஒட்டி நின்றாலும் அவற்றின் உடம்பு அந்த டைல்களை முழுக்க அடைப்பதில்லை. பேரக்ஸ் பிடிக்கும் தரை 128-க்கு 96 பிக்சல். அதற்குள் இடப்பக்கம் 16, வலப்பக்கம் 7, மேலே 8, கீழே 15 பிக்சல் காலியாக இருக்கும். டிப்போ பிடிப்பது 96-க்கு 64. அதில் இடப்பக்கம் 10, வலப்பக்கம் 9, மேலே 10, கீழே 5 காலி. ஸெர்க்லிங்கின் உடம்பு 16-க்கு 16.

டிப்போ மேலே, பேரக்ஸ் கீழே என்று கட்டினால் நடுவே 5-ம் 8-ம் சேர்ந்து 13 பிக்சல், ஸெர்க்லிங் நுழையாது. மாற்றிக் கட்டினால் 15-ம் 10-ம் சேர்ந்து 25. ப்ரோட்டாஸின் ஸீலட் வீரனே நிமிர்ந்து நடந்து போவான். ஆகவே டிப்போ மேலே, பேரக்ஸ் கீழே என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. இப்போது இரண்டு ராம்ப்களையும் பாருங்கள். இடது பேஸின் ராம்ப் கீழ்-வலமாக இறங்குவதால் அதன் வாய் கீழ்-இட மூலையிலிருந்து மேல்-வல மூலைக்குச் சாய்ந்து கிடக்கிறது. அங்கே கீழே நிற்கும் பேரக்ஸின் இடப்பக்கம்தான் பாறை விளிம்பைத் தொடும். அந்தப் பக்கத்துக் காலி இடம் 16 பிக்சல். ஸெர்க்லிங்கின் அகலமும் அதேதான். விளிம்பை உரசிக்கொண்டே ஒவ்வொன்றாக உள்ளே வந்துவிடும். வலது பேஸில் வாய் எதிர்ப்பக்கம் சாய்கிறது. அங்கே பேரக்ஸின் வலப்பக்கம் பாறையைத் தொடுகிறது. காலி இடம் 7 பிக்சல், எதுவும் நுழையாது. ஒரே சுவர், கண்ணாடிப் பிம்பமான ராம்ப். ஒரு பக்கம் ஒழுகுகிறது, மறுபக்கம் கல்போல் நிற்கிறது.

தீர்வு பேரக்ஸின் அடிப்பக்கத்தில் இருந்தது. கீழே 15 பிக்சல் காலி. ஸெர்க்லிங்குக்கு 16 வேண்டும். இடது பேஸில் மட்டும் பாறை விளிம்பைக் கொஞ்சம் நீட்டி, பேரக்ஸ் நிற்கும் இடத்துக்கு நேர் கீழேயும் நடக்க முடியாத டைல்கள் வரும்படி செய்தேன். இடப்பக்கத்து 16 பிக்சல் சந்து அப்படியே இருக்கிறது. ஆனால் அதற்குள் போக வேண்டுமென்றால் முதலில் அடியில் உள்ள 15 பிக்சல் இடுக்கைக் கடக்க வேண்டும், அது முடியாது. ஒரே ஒரு பிக்சலில் சுவர் அடைபட்டது. மேல் முனையில் டிப்போ தொடும் பக்கங்கள் இரண்டு பேஸிலும் 10-ஐத் தாண்டுவதில்லை, அதனால் அங்கே எதையும் தொட வேண்டியிருக்கவில்லை. ஸெர்க்லிங் கூட்டத்தை வெளியே நிறுத்தி, உள்ளே நகரச் சொல்லி ஆணையிட்டுப் பார்த்தேன். சுவருக்கு முன்னால் அங்குமிங்கும் அலைந்தன, ஒன்றுகூட நுழையவில்லை.

கட்டிடத்திலிருந்து வெளிவரும் யூனிட் கீழ்-இட மூலையில்தான் தோன்றும் என்பதிலும் பக்க வேறுபாடு இருக்கிறது. வலது பேஸின் ராம்ப் கீழ்-இடத்தில் இருப்பதால் அங்கே பிறக்கும் படை ராம்ப்பைப் பார்த்தே பிறக்கிறது. இடது பேஸின் படை கட்டிடத்தைச் சுற்றிப் போக வேண்டும். வித்தியாசம் ஒரு கட்டிட அகலம்தான். அதைச் சரிக்கட்ட ராம்ப்பை நகர்த்தினால் சுவர்க் கணக்கு முழுவதும் மறுபடி போடவேண்டும். அதனால் அதை விட்டுவிட்டேன், விட்டதில் எனக்கு வருத்தமும் இல்லை.

ராம்ப்புக்குக் கீழே இரண்டாவது பேஸ்: 7 மினரல், ஒரு ஊற்று. இதன் வாயை எவ்வளவு அகலமாக வைப்பது என்பதைத் தீர்மானிப்பவை விரிவாக்கத்தில் வந்த யூனிட்கள். மெடிக், வால்கரி, லர்க்கர், டிவவரர், டார்க் டெம்ப்ளர், டார்க் ஆர்கான், கோர்சேர் என்று 7 யூனிட்களைச் சேர்த்தார்கள்; அந்த 7-ம் மேப்பின் மொழியையே மாற்றிவிட்டன. மண்ணுக்குள் புதைந்து 6 டைல் தூரத்துக்கு நேர்கோட்டில் குத்தும் லர்க்கருக்கு ஒடுங்கிய வாய் என்றால் கொண்டாட்டம். இரண்டு லர்க்கர் போதும், டெரனின் மரீன் படை முழுவதையும் நிறுத்திவிடும். மெடிக்கோடு வரும் மரீன்கள் பரவி நின்று சுட இடம் இருந்தால் லர்க்கரைச் சமாளிப்பார்கள். எனவே இரண்டாவது பேஸின் வாயை ஓரளவு அகலமாகவும், அதற்கு வெளியே உள்ள தரையைத் திறந்த வெளியாகவும் வைத்தேன். ரொம்ப அகலமாக வைத்தால் ப்ரோட்டாஸ் ஆட்டக்காரர் ஃபோர்ஜ் கட்டிடமும் கேனன் பீரங்கிகளுமாக அடைத்துத் தாக்குப்பிடிக்க முடியாது. இந்த இழுபறியில் யாருக்கும் முழுத் திருப்தி கிடைக்காத ஓர் அளவுதான் சரியான அளவு என்பது என் எண்ணம்.

பிரதான பேஸின் மேட்டு விளிம்பு இரண்டாவது பேஸைப் பார்த்தபடி இருக்கிறது. கால் ஊன்றிய டெரன் ஸீஜ் டேங்க் 12 டைல் வரை சுடும். மேட்டு விளிம்பிலிருந்து வெளிவாய்வரை 12 டைலுக்கு மேல் இருக்குமாறு பார்த்துக்கொண்டேன். டேங்க் மேலே நின்றால் தன் இரண்டாவது பேஸின் கட்டிடத்தைக் காக்கலாம், ஆனால் அங்கிருந்தே வெளிவாயையும் சேர்த்து அடைத்துவிட முடியாது. கீழேயிருந்து மேட்டைச் சுடுபவருக்கு 53 சதவீதம்தான் குறி படும் என்பதையும் சேர்த்து யோசித்தால், இந்த ஒரு தூரம் தவறினாலே டெரனை அசைக்க முடியாமல் போய்விடும். குறி தவறும் இந்த விதி மரங்களுக்கும் செடிகளுக்கும் அடியில் நிற்கும் யூனிட்டுக்கும் பொருந்தும். அதனால் அழகுக்கு வைக்கும் அலங்காரங்களைப் படைகள் மோதும் இடங்களிலிருந்து முழுக்க விலக்கினேன். மேப்பின் ஓரங்களில் மட்டும் தாராளமாக வைத்திருக்கிறேன்.

பின்வழி ஒன்றும் உண்டு. இரண்டாவது பேஸின் பின்புறத்திலிருந்து மூன்றாவது பேஸுக்குப் போகும் அந்தப் பாதையை மினரல்களால் அடைத்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் 8 மட்டுமே. ஒரு தொழிலாளர் ஒரு முறை வெட்டினால் அந்தக் கல் மறைந்துவிடும். ஈரடுக்காக வைத்திருப்பதால் திறக்க நினைப்பவர் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். இங்கே என்ஜினின் வழிதேடும் முறை குறுக்கே வந்தது. மேப் ஏறும்போதே அது நடக்கக்கூடிய நிலத்தைப் பகுதிகளாகப் பிரித்து வைத்துக்கொள்கிறது. அந்தக் கணக்கில் நிலம் மட்டுமே உண்டு, மேலே நிற்கும் மினரல் சேராது. பின்வழி குறுக்குவழியாக இருந்தால், தூரத்துக்கு அனுப்பிய படை நேராக அந்த மினரல் அடைப்புக்கு முன்னால் போய்க் கூடி நிற்கும். ஆட்டத்தின் நடுவே இது உயிர்போகும் விஷயம். அதனால் பின்வழியை வளைத்து, முன்வாய் வழியாகப் போவதைவிடத் தெளிவாக நீளமாக்கினேன். குறுகிய வழியைத் தேடும் என்ஜின் இப்போது தானாகவே முன்வாயைத் தேர்ந்தெடுக்கிறது.

சோதனைக்கு ஒற்றை ஆட்டக்காரர் முறைதான் வசதி. ஏமாற்றுச் சொற்கள் அங்கேதான் வேலை செய்யும். "பிளாக் ஷீப் வால்" என்று தட்டினால் மேப் முழுவதும் தெரியும். "ஆபரேஷன் ஸீவால்" (operation cwal) தட்டினால் கட்டிடங்கள் சடுதியில் எழும்பும், சுவரை மாற்றி மாற்றிக் கட்டிப் பார்க்க மிக உதவியாக இருக்கும். பாதைகளைச் சோதிக்க, ஒரு முறைக்கு 12 யூனிட்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்பதால், 12 டிராகூன்களை ஒரு பேஸிலிருந்து எதிர் பேஸுக்கு அனுப்பி எங்கே கூட்டம் திக்குகிறது என்று பார்த்தேன். பிறகு ஸெர்க்கின் பெரிய யூனிட்டான அல்ட்ராலிஸ்க்கை அனுப்பினேன். 38 பிக்சல் அகலமுள்ள அது தடையில்லாமல் போகும் வழியில் மற்றதெல்லாம் போகும். தெற்கு மேட்டின் கையடுக்கு ராம்ப்பில் அது தயங்கிய ஓர் இடத்தை அகலப்படுத்தினேன்.

ஏமாற்றுச் சொல்லால் சோதிக்க முடியாதது ஆட்களின் ஆட்டம். இந்த மேப்பில் மூன்று இனங்களும் இரு பக்கமும் மாறி மாறி ஆடிய ரீப்ளேக்கள் (ஆட்டப் பதிவுகள்) வேண்டும். என் கண் இப்போது இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று, மூன்றாவது பேஸ். அங்கே கேஸ் இல்லை, மினரல் மட்டும்தான். ஸெர்க் ஆட்டக்காரருக்கு இது நெருக்கடியாக இருக்குமோ என்று தோன்றுகிறது. அப்படியென்றால் ஊற்று ஒன்றைச் சேர்ப்பேன், இரண்டு பக்கமும் கட்டிடத்துக்கு மேலேதான். மற்றொன்று, வலது பேஸில் மினரல்களை மேலே தூக்கியதால் அவற்றுக்குப் பின்னால் மிச்சமான குறுகிய தரை. பறக்கும் மியூட்டலிஸ்க் கூட்டம் அங்கே வட்டமடித்தால் எதிர்கொள்ள டர்ரெட் என்ற காவல் கட்டிடம் வைக்க 2-க்கு 2 டைல் வேண்டும். இப்போது அங்கே அப்படிப்பட்ட இடம் ஒன்றுதான் இருக்கிறது, இடது பேஸில் இரண்டு. அடுத்த பதிப்பில் வலது விளிம்பை ஒரு டைல் வெளியே தள்ளி இரண்டாவதையும் கொடுத்துவிடுவேன்.